படுத்ததும் கால் குடைகிறதா? ஃபெரிட்டின் பாருங்கள்

பகலில் ஒன்றும் தெரியாது. இரவு படுத்ததும் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல, இழுப்பதுபோல ஒரு குடைச்சல். காலை ஆட்டினாலோ, எழுந்து நாலு எட்டு நடந்தாலோ அடங்கும். படுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். தசை கல்லாக இறுகி உயிர்போக வலித்தால் அது குரக்களி, வேறு சங்கதி. நடந்தாலும் குறையாத பாத எரிச்சல் என்றால் சர்க்கரையையும் பி12-ஐயும் பார்க்க வேண்டும். அசைத்தால் அடங்குகிற இந்தக் குடைச்சலுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இரும்புச்சத்துக் குறைவை.

அசைவைச் சீராக்கும் டோபமைன் என்கிற ரசாயனம் மூளையில் உருவாக இரும்பு தேவை. மாலைக்கு மேல் டோபமைனின் வேலை இயல்பாகவே மந்தமாகும். ஏற்கெனவே இரும்பு குறைந்தவர்களுக்கு இரவில் தொல்லை கூடுவது அதனால்தான் என்று கருதப்படுகிறது.

“ஹீமோகுளோபின் 12.5 இருக்கிறதே” என்று பலர் விட்டுவிடுவார்கள். தப்பு நடப்பது இங்கேதான். உடம்பு முதலில் இரும்புச் சேமிப்பைக் கரைக்கும். ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்கிற ரத்தப் பரிசோதனை. பல லேப்களில் அது 15 ng/mL-க்கு மேல் இருந்தாலே ‘நார்மல்’ என்று அச்சாகி வரும். ஆனால் கால் குடைச்சல் உள்ள பெரியவர்களுக்கு 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்ப்பது மருத்துவ வழக்கம். அதனால் 22 என்று வந்த ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடாதீர்கள்.

காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். இரும்பு மாத்திரை எடுப்பவர்கள் இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுவது நல்லது. காய்ச்சல், தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும். ஆறிய பிறகு பாருங்கள். கூடவே டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) கேளுங்கள். அது 45 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு மாத்திரை கூடாது.

உணவில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு உடம்பில் ஒட்டுகிறது என்பதே கணக்கு. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) பரிந்துரை பெண்களுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம், ஆண்களுக்கு 19. நூறு கிராம் கம்பில் சுமார் 6 மில்லிகிராம், கேழ்வரகில் நாலரை. தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்கிற பொருள் அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைத்தோ முளைகட்டியோ சமைத்தால் பிடி தளரும். அதே வேளையில் ஒரு நெல்லிக்காயோ பாதி கொய்யாவோ சாப்பிட்டால் உறிஞ்சுதல் கூடும். கீரையில் எலுமிச்சை பிழிவதானால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு. அசைவக்காரர்களுக்கு ஈரல் சுலபமான வழி; கர்ப்பிணிகள் மட்டும் ஈரலைத் தவிர்க்கட்டும். ராத்திரி இரண்டு பேரீச்சம்பழம் என்கிற வைத்தியத்தால் பெரிதாக எதுவும் சேராது.

டிபனோடு டீ குடிப்பதுதான் பெரிய ஓட்டை. அதிலுள்ள டானின், தட்டிலிருக்கும் இரும்பில் பாதிக்கு மேல்கூடத் தடுத்துவிடும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம்; கஃபீனே சிலருக்குக் குடைச்சலைக் கிளப்பும்.

ஃபெரிட்டின் குறைந்திருந்தால் சாப்பாடு மட்டும் போதாது. மருத்துவர் எழுதும் மாத்திரையில் ‘எலிமென்டல் அயர்ன்’ (மாத்திரையில் உள்ள அசல் இரும்பு) எவ்வளவு என்று அட்டையைப் பாருங்கள். 60 முதல் 100 மில்லிகிராம் இருக்கும். ஒரு வேளை மாத்திரை போட்டாலே, அடுத்து வரும் இரும்புக்குக் குடல் சுமார் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொள்ளும். எனவே இரண்டு வேளை போடுவதால் வயிறுதான் கெடும். ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று கேளுங்கள். வெறும் வயிற்றில், தண்ணீரோடு. பால், கால்சியம் மாத்திரையோடு கூடாது. தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். மலம் கறுப்பது சகஜம். தார் போல ஒட்டினால் மட்டும் மருத்துவரிடம் ஓடுங்கள். குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள், அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து.

குறைய வாரக்கணக்கில் ஆகும். மூன்று மாதம் கழித்து மறுபடி ஃபெரிட்டின். 75-ஐத் தாண்டியும் கால் அடங்கவில்லையா? சளி, அலர்ஜிக்குப் போடும் தூக்கம் வரவைக்கும் மாத்திரை, வாந்தி மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை ஆகியவற்றில் சில இதைக் கிளப்பும். சீட்டை எடுத்துப்போய்க் காட்டுங்கள். சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.