அலையாத்திச் சேற்றிலிருந்து ஆக்டினோமைசீட்ஸ் எடுக்கும்போது நிஸ்டாட்டினை எப்படிச் சேர்ப்பது

ராமநாதபுரம் மாவட்டத்தில் காரங்காட்டு அலையாத்தி வேருக்கடியிலோ தேவிபட்டினம் கரையிலோ சேறு எடுத்து வந்து ஸ்டார்ச் கேசீன் அகார் என்ற வளர்ப்பு மீடியத்தில் பரப்பிப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் மூடியை முட்டிக்கொண்டு சாம்பல் நிறப் பூஞ்சை நிற்கும். நாம் தேடும் ஆக்டினோமைசீட்ஸ் (இழையாக வளரும் ஒரு வகை பாக்டீரியா) கண்ணில் பட ஒரு வாரமாவது ஆகும், சில மூன்று வாரம் கூட எடுத்துக்கொள்ளும், அதற்குள் பூஞ்சை பிளேட் முழுவதையும் பிடித்துவிடுகிறது. என் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டில் முதல் பன்னிரண்டு பிளேட்டும் இப்படித்தான் போயின. பூஞ்சையைக் கொல்லும் நிஸ்டாட்டின் மருந்தைப் போடாமல் இல்லை, மீடியத்தோடு சேர்த்து ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கலன்) வைத்துவிட்டேன். நிஸ்டாட்டின் அந்தச் சூட்டைத் தாங்காது.

இது பூஞ்சையின் செல் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டிரால் என்ற கொழுப்புப் பொருளைப் பிடித்துக்கொண்டு அதில் ஓட்டை போடுகிறது. பாக்டீரியாவில் எர்கோஸ்டிரால் கிடையாது, ஆக்டினோமைசீட்ஸும் பாக்டீரியாதான், அதனால் நாம் தேடுவதற்கு ஒன்றும் ஆகாது. 1950-இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரௌன் என்ற இரண்டு பெண்கள் இதைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள், நியூயார்க் மாநில ஆய்வகத்தில் வேலை பார்த்ததால் அந்தப் பெயரையே சுருக்கி வைத்தார்கள். மண்ணிலிருந்து கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசஸ் நௌர்சிதான் இதை உண்டாக்குகிறது. அதாவது நாம் தேடும் கூட்டத்தைச் சேர்ந்த ஒன்றே செய்த மருந்து இது!

சரி, ஸ்டாக் (பிறகு மீடியத்தில் சேர்க்க வைத்துக்கொள்ளும் அடர்ந்த கரைசல்) செய்வோம். மெடிக்கலில் வாங்கும் மாத்திரையை இடித்துப் போடாதீர்கள், அதில் வேறு பொருள்களும் கலந்திருக்கும். லேப் கிரேடு மஞ்சள் பொடியில் 100 மில்லிகிராம் எடுத்து 10 மில்லி டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரையுங்கள். தண்ணீரில் சரியாகக் கரையாது. கையுறை கட்டாயம், ஏனென்றால் டிஎம்எஸ்ஓ தோலுக்குள் இறங்கும்போது தன்னில் கரைந்திருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். எட்டு சின்ன டியூபில் 1.25 மில்லியாகப் பிரித்து, அலுமினியத் தாள் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள், வெளிச்சம் பட்டால் வீரியம் குறையும். நம் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும், ஒரே பாட்டிலில் வைத்தால் மொத்தமும் உருகி உருகி உறையும். வெளியே எடுத்தால் கட்டியாக இருக்கும், டிஎம்எஸ்ஓ 18 டிகிரிக்கு மேல்தான் உருகும், கைக்குள் வைத்திருந்தாலே போதும்.

250 மில்லி மீடியத்துக்கு ஒரு டியூப், அதாவது மில்லிக்கு 50 மைக்ரோகிராம். கடல் சேற்றுக்கு மீடியத்தைப் பாதி கடல்நீர், பாதி காய்ச்சி வடித்த தண்ணீரில் செய்வது நல்லது. ஆட்டோகிளேவ் முடிந்து ஃபிளாஸ்க் 50 டிகிரிக்கு ஆறட்டும், வாட்டர் பாத்தில் வைத்தால் குழப்பமில்லை. மருந்தை ஊற்றியதும் லேசான மஞ்சள் கலங்கல் தெரியும், அது கெட்டுப்போனதல்ல, தண்ணீர் பட்டதும் நுண்ணிய துகளாகப் பிரிகிறது. இதனால்தான் மருந்து சேர்த்த மீடியத்தை வடிகட்டக் கூடாது, மருந்து வடிகட்டியிலேயே நின்றுவிடும். நுரை வராமல் சுழற்றிக் கலக்கிவிட்டு உடனே ஊற்றுங்கள், தாமதித்தால் ஒரு பிளேட்டில் அதிகமும் இன்னொன்றில் குறைவுமாகப் போகும். மருந்தில்லாத பிளேட் ஒன்றும் கட்டாயம் போடுங்கள், அதில் பூஞ்சை வந்து மற்றதில் வராமலிருந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று சொல்ல முடியும்.

பூஞ்சை அடங்கினாலும் வேகமாக வளரும் கிராம் நெகட்டிவ் பாக்டீரியா மேலே படரும். அதற்கு நாலிடிக்ஸிக் அமிலம் மில்லிக்கு 20 மைக்ரோகிராம் சேர்ப்பார்கள்.

பலர் சைக்ளோஹெக்ஸிமைடும் போடுவார்கள். அது பூஞ்சையின் ரைபோசோமை (செல்லுக்குள் புரதம் செய்யும் உறுப்பு) தடுக்கிறது, நன்றாகவே வேலை செய்யும், ஆனால் நம் செல்லிலும் அதே வகை ரைபோசோம்தான் இருக்கிறது. மிகவும் நச்சு. எடை போடும் இடத்தில் காற்றுறிஞ்சும் வசதி இல்லாத கல்லூரி லேப்களில் மாணவர்கள் கையில் அதைக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நிஸ்டாட்டின் போதும்.

சேறு எடுக்கப் போகும் முன் வனத்துறை அனுமதி வாங்கிவிடுங்கள், தென்கடலான மன்னார் வளைகுடாவின் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, அலையாத்திக் காடும் அவர்கள் பொறுப்புதான்.

28 டிகிரியில் வைத்த பிளேட்டை, காய்ந்து வெடிக்காமலிருக்க ஜிப் கவருக்குள் போட்டுவிட்டு தினமும் பாருங்கள். நாளாக ஆக மருந்தின் வீரியம் இறங்கும், பத்து நாளுக்கு மேல் ஓரத்தில் பூஞ்சை தலைகாட்டலாம், அந்த பிளேட்டை ஆட்டாமல் திறந்து வேண்டியதை எடுத்துவிடுங்கள். ஆக்டினோமைசீட்ஸ் என்றால் சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல் மேல்பக்கம் இருக்கும், ஊசியால் நெண்டினால் வழுக்காது, அகாரோடு ஒட்டிக்கொண்டு தோல் மாதிரி பெயரும், முதல் மழை பெய்த மண் வாசனை வரும். அதை முதல் தடவை மாற்றும்போது மருந்துள்ள புது பிளேட்டிலேயே இழுங்கள், சுத்தமாக வந்தபின் மருந்தில்லாததற்கு மாற்றலாம்.