பாயின்ட் கிளவுடிலிருந்து வீட்டு பிளான்: பிளெண்டர் ஜியோமெட்ரி நோட்ஸில் முதல் பயிற்சி

லேசர் ஸ்கேனர் தரும் பாயின்ட் கிளவுட், புள்ளிகளின் குவியல் மட்டுமே. எது சுவர், எது தரை என்ற விவரம் அதில் இருக்காது. அதிலிருந்து ஒரு வீட்டின் பிளானை நோடுகளை (ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்யும், ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிகள்) வைத்தே வெட்டியெடுக்கலாம். தேவையானவை: முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் (3.6 அல்லது அதற்குப் பிந்தையது), பாயின்ட் கிளவுடைக் கையாளும் மென்பொருளான கிளவுட்கம்பேர். இரண்டும் இலவசம்.

படி 1: கிளவுட்கம்பேரில் தயார்செய்தல்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். ஸ்கேன் யுடிஎம் ஆயங்களில் (பூமியில் ஓர் இடத்தை மீட்டரில் குறிக்கும் முறை) இருந்தால் எண்கள் மிகப் பெரியவை. சென்னையில் வடக்கு ஆயம் 14 லட்சம் மீட்டரைத் தாண்டும். பிளெண்டர் 32 பிட் எண்களில் கணக்கிடுகிறது. அவ்வளவு பெரிய எண்ணில் 12.5 செ.மீ.க்குக் குறைந்த வித்தியாசம் அதற்குப் பிடிபடாது. சமமான சுவர் பட்டை பட்டையாகப் பிளந்து நிற்கும்.

ஃபைலைத் திறக்கும்போது வரும் குளோபல் ஷிஃப்ட்டை (பெரிய ஆயங்களைச் சிறிய எண்களாக்கும் நகர்த்தல்) ஏற்றுக்கொள்ளுங்கள். அதே பெட்டியில் 'பிரிசர்வ் குளோபல் ஷிஃப்ட் ஆன் சேவ்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். மறந்தால், சேமிக்கும்போது பழைய எண்களே திரும்பி வந்துவிடும்.

பிறகு புள்ளிகளைக் குறைக்க, எடிட் மெனுவில் சப்சாம்பிள், ஸ்பேஸ் முறை, 0.02 (புள்ளிகளுக்கு இடையே 2 செ.மீ.). பைனரி பிஎல்ஒய் (PLY) ஃபைலாகச் சேமியுங்கள்.

படி 2: நோடுகளை இணைத்தல்

பிஎல்ஒய்யை பிளெண்டரில் இம்போர்ட் செய்து, ஜியோமெட்ரி நோட்ஸ் தாவலில் 'நியூ' அழுத்துங்கள். வரிசை இது: குரூப் இன்புட் → செப்பரேட் ஜியோமெட்ரி → மெஷ் டு பாயின்ட்ஸ் → செட் மெட்டீரியல் → குரூப் அவுட்புட்.

வெட்டும் வேலை செப்பரேட் ஜியோமெட்ரியின் 'செலெக்ஷன்' துளையில் நடக்கிறது. பொசிஷன் → செப்பரேட் எக்ஸ்ஒய்இசட் → கம்பேர் என்று இணைத்து, இசட்டை (உயரத்தை) மட்டும் கம்பேருக்குக் கொடுங்கள். கம்பேரில் ஃப்ளோட், ஈக்வல்; பி = 1.2, எப்சிலான் (அனுமதிக்கும் விலகல்) = 0.05. தரையிலிருந்து 1.15 முதல் 1.25 மீட்டர் வரையுள்ள புள்ளிகள் மட்டும் மிஞ்சும்.

எதுவுமே தெரியவில்லையா? தரை பூஜ்ஜியத்தில் இல்லை. ஸ்ப்ரெட்ஷீட்டில் பொசிஷன் எண்களைப் பாருங்கள். தரை 14.3இல் இருந்தால் பி 15.5 ஆக வேண்டும்.

படி 3: பருமனும் நிறமும்

மெஷ் டு பாயின்ட்ஸ் தானாக வைக்கும் ஆரம் 0.05. 2 செ.மீ. இடைவெளிக்கு இது மிக அதிகம். சுவர் களிமண் உருண்டைகளாக வீங்கிவிடும். 0.012 போதும்.

நிறத்துக்கு, மெட்டீரியலில் ஆட்ரிபியூட் நோடின் பெயர்க் கட்டத்தில் சி, ஓ, எல் எழுத்துகளை இடுங்கள். முதலெழுத்து மட்டும் பெரியது. பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரரில், மேலிருந்து பாருங்கள்.

அலமாரிகள் சுவர் போலத் தெரிந்தால் உயரத்தை 2 மீட்டருக்கு ஏற்றுங்கள். சுவருக்குப் பின்னால் இல்லாத அறை ஒன்று தெரிந்தால், அந்தச் சுவரில் நிலைக்கண்ணாடி இருக்கும். அந்தப் புள்ளிகளைக் கிளவுட்கம்பேரிலேயே வெட்டி எறிந்துவிடுங்கள்.