காப்பி அடிக்காமல் எழுதவும் இணையத்தில் ஏமாறாமல் இருக்கவும் மாணவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பிளஸ் ஒன் கணினி அறிவியலில் கணினி நன்னெறி, இணையப் பாதுகாப்பு என்று ஒரு பாடமே இருக்கிறது. பிஷிங் (போலி லிங்க், போலிச் செய்தி அனுப்பிக் கடவுச்சொல்லைப் பறிப்பது) என்றால் என்ன என்று இரண்டு மார்க் கேள்வி கேட்டால் பிள்ளைகள் அழகாக எழுதிவிடுவார்கள். அதே பிள்ளை அன்று சாயங்காலம் நெட் சென்டரில் யாரோ எழுதிய ப்ராஜெக்டைப் பிரிண்ட் எடுத்து, பைண்டிங் போட்டு, முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதிக் கொண்டுவந்து கொடுக்கும். சரியாகச் செய்வது எப்படி என்று யாரும் அதற்குச் செய்து காட்டியதில்லை, அவ்வளவுதான். கீழே இருப்பவை ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை வகுப்பறையில் செய்து பார்க்கக்கூடியவை. கணினி ஆசிரியர்தான் செய்ய வேண்டும் என்றில்லை, தமிழ் ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் செய்யலாம்.

முதலில் நாம் கேட்கும் கேள்வியை மாற்ற வேண்டும். "நீர் மாசுபாடு பற்றிப் பத்துப் பக்கம் எழுது" என்று சொன்னால் காப்பிதான் வரும், ஏனென்றால் அந்தப் பத்துப் பக்கம் ஏற்கெனவே இணையத்தில் இருக்கிறது, அதைவிட நன்றாக ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையால் எழுதவும் முடியாது. அதற்குப் பதிலாக "உங்கள் தெருவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை நாளுக்கு ஒரு முறை, மூன்று வீட்டில் கேட்டு எழுது, அப்புறம் ஒரு கட்டுரையாவது படித்து அதில் சொன்னது உங்கள் தெருவுக்குப் பொருந்துகிறதா என்று பார்" என்று கேளுங்கள். இரண்டு பக்கம் போதும். இந்தப் பதில் எந்தத் தளத்திலும் கிடைக்காது.

அடுத்தது, படித்ததைச் சொந்த வார்த்தையில் எழுதுவது. இதற்கு ஒரு பீரியட் முழுசாக ஒதுக்குங்கள், ஏனென்றால் பெரும்பாலான மாணவர்கள் நான்கு சொல்லை மாற்றினால் அது சொந்த எழுத்து என்று உண்மையிலேயே நம்புகிறார்கள். போர்டில் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "பிளாஸ்டிக் பைகள் மண்ணில் மக்க நீண்ட காலம் ஆவதால் மழைநீர் நிலத்தடிக்குச் செல்வது தடைபடுகிறது." அதன் கீழே, "நெகிழிப் பைகள் நிலத்தில் மக்க அதிக காலம் ஆவதால் மழைத்தண்ணீர் பூமிக்குள் போவது தடுக்கப்படுகிறது." இது காப்பியா என்று கேட்டால் வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போடும், போடட்டும். அப்புறம் சொல்லுங்கள்: இது காப்பிதான், வாக்கியத்தின் எலும்பு அப்படியே இருக்கிறது. பிறகு மூன்றாவதாக இதை எழுதுங்கள்: "மக்காத பிளாஸ்டிக் மழைநீரைக் கீழே இறங்க விடாது என்று இந்தக் கட்டுரை சொல்கிறது. எங்கள் பள்ளிக்குப் பின்னால் குப்பை கொட்டும் இடத்தில் மழை விட்ட பிறகும் தண்ணீர் தேங்கி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்." யார் சொன்னது என்பது இருக்கிறது, தான் பார்த்தது என்ன என்பதும் இருக்கிறது. இந்த வழிக்குப் பழக்க எளிய முறை: படி, புத்தகத்தை மூடு, பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல், சொன்னதை எழுது, கடைசியாகத் திறந்து தகவல் சரியா என்று பார். திறந்து வைத்துக்கொண்டே எழுதினால் கை தானாகவே அந்த வாக்கியத்துக்குப் போய்விடும்.

எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிடுவதற்குப் பள்ளியில் பெரிய இலக்கணம் எதுவும் தேவையில்லை. எழுதியவர், தலைப்பு, எங்கே, என்றைக்குப் பார்த்தேன், இந்த நான்கும் இருந்தால் போதும். "கூகுளிலிருந்து எடுத்தேன்" என்பதை மட்டும் ஏற்காதீர்கள், கூகுள் தேடிக் காட்டுகிறதே தவிர எழுதவில்லை. அனுமதி வேறு, பெயர் சொல்வது வேறு என்பதைப் புரியவைக்க பாரதியாரைவிட நல்ல உதாரணம் கிடையாது. அவருடைய படைப்புகளின் உரிமையை 1949-ல் அரசு வாங்கிப் பின்னர் பொதுவுடைமையாக்கியது, யாரும் அச்சிடலாம், யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் அந்தப் பாட்டின் கீழே என் பெயரைப் போட்டுக்கொண்டால்? பிள்ளைகள் உடனே "தப்பு சார்" என்பார்கள். விக்கிப்பீடியாவும் இப்படித்தான், எடுத்துப் பயன்படுத்தலாம், எங்கிருந்து என்று சொல்ல வேண்டும்.

செயற்கை நுண்ணறிவைத் தடை செய்கிறேன் என்று கிளம்பாதீர்கள், வீட்டில் போனில் இருக்கிறது. வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் சாட்ஜிபிடியிடம் உங்கள் ஊர் ஏரியின் வரலாற்றை, ஆதாரப் புத்தகங்களோடு கேளுங்கள். வரும் பதிலில் எது சரி, எது தப்பு, அந்தப் புத்தகங்கள் உண்மையில் இருக்கின்றனவா என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். அது இல்லாத புத்தகத்தையும் இருப்பதுபோலச் சொல்லக்கூடியது என்பதை அவர்களே கண்டுபிடித்தால் உங்கள் அறிவுரை தேவைப்படாது. பயன்படுத்தியிருந்தால் எதற்கு என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஏஐ எழுதியதா என்று கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் கருவிகளை நம்பி எந்தப் பிள்ளையையும் குற்றம் சாட்ட வேண்டாம். ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. சந்தேகம் வந்தால் பக்கத்தில் உட்காரவைத்து ஐந்து நிமிடம் அந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசுங்கள், தெரிந்துவிடும்.

ஆராய்ச்சி வரை போகும் மாணவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிளஸ் டூ வகுப்பில் ஒரு முறை சொல்லிவையுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-ல் கொண்டுவந்த விதிகளின்படி ஆய்வேட்டில் 60 சதவீதத்துக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்துப்போனால் அந்த ஆய்வுப் படிப்புக்கான பதிவே ரத்தாகும்.

பாதுகாப்பு விஷயத்துக்கு வருவோம். நம் மாணவர்களில் பலரிடம் சொந்த போன் கிடையாது, கையில் இருப்பது அம்மாவின் போன். அதே போனில்தான் வங்கிக் கணக்கும் ஜிபேவும் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பும் இருக்கின்றன. ஆகவே பிள்ளை ஒரு தப்பான கோப்பைத் தொட்டால் போவது குடும்பத்தின் பணம். மூன்று விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பணம் நமக்கு வருவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை, பின் கேட்டால் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். கல்யாணப் பத்திரிகை, வங்கி அறிவிப்பு, டிராஃபிக் அபராதம் என்று எந்தப் பெயரில் வந்தாலும் கோப்பின் பெயர் ஏபிகே (.apk) என்று முடிந்தால் திறக்கக் கூடாது, அது போனில் ஆப்பை நிறுவும் கோப்பு. ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது என்று போன் வந்தால், உன் பெயர், பள்ளி, அப்பா பெயர் எல்லாம் சரியாகச் சொன்னாலும், வைத்துவிட்டுப் பள்ளியில் வந்து கேள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும், சீக்கிரம் சொன்னால்தான் பணம் கைமாறுவதற்கு முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, "மிஸ், என் போட்டோவை வைத்து ஒருத்தன் மிரட்டுகிறான்" என்று சொல்லும் நாள். அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை இன்றைக்கே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். "நீ ஏன் அனுப்பினாய்" என்ற கேள்வி உங்கள் வாயில் வரவே கூடாது. சொன்னது நல்லது, இனி நீ தனியாக இல்லை என்று சொல்லுங்கள். பணம் கொடுக்க வேண்டாம், பதில் அனுப்ப வேண்டாம், பயத்தில் எதையும் அழிக்கவும் வேண்டாம். மிரட்டல் செய்திகளையும் அந்தக் கணக்கின் பெயரையும் லிங்கையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்த பிறகுதான் பிளாக் செய்ய வேண்டும். ஆபாசப் படம் என்றால் ஆதாரத்துக்காக என்றுகூட அதை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள், ஆசிரியர் குரூப்பிலும் போடாதீர்கள். 18 வயதுக்கு உட்பட்டவரின் அப்படிப்பட்ட படத்தைப் பகிர்வது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம். போக்சோ சட்டத்தின்படி இதைத் தெரிந்துகொண்ட எவரும் காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும், பள்ளிக்குக் கெட்ட பெயர் என்று தலைமையாசிரியர் அறையிலேயே பேசி முடிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. 1098 குழந்தைகளுக்கான உதவி எண். டேக் இட் டவுன் என்ற இலவச சேவை, படத்தைத் தன்னிடம் வாங்காமல், போனிலேயே அதற்கான அடையாளக் குறியீட்டை மட்டும் எடுத்து, இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் அந்தப் படத்தைத் தேடி நீக்க உதவுகிறது. இந்த எண்களை வகுப்புச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கேட்கக் கூச்சப்படும் பிள்ளை பார்த்துக் குறித்துக்கொள்ளும்.

பிளஸ் டூ மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. 18 வயது ஆனதும் "உன் வங்கிக் கணக்கை மட்டும் கொடு, மாதம் ஒரு தொகை தருகிறோம்" என்று ஆட்கள் வருகிறார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும், போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு வைத்திருப்பவரைத்தான். ஏடிஎம் கார்டு, சிம் கார்டு, பாஸ்புக் எதையும் நண்பனுக்குக்கூடக் கொடுக்காதே என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். பேச்சு வேண்டாம், அவரவர் போனை எடுக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பு பின் போடவையுங்கள், லிங்க்டு டிவைசஸ் பகுதியில் தெரியாத கருவி இருந்தால் நீக்கவையுங்கள், தெரியாதவர்கள் குரூப்பில் சேர்க்க முடியாதபடி பிரைவசியில் மை கான்டாக்ட்ஸ் என்று மாற்றவையுங்கள். எழுதப் படிக்கத் தடுமாறும் அம்மாக்களின் பக்கத்தில் அவர்கள் பிள்ளையையே உட்காரவைத்து மாற்றச் சொல்லுங்கள்.