பழைய மரத்தைக் கருக்கும் முன் கவனிக்காமல் விடுபவை

இடித்த வீட்டின் உத்தரத்தையும் உடைந்த பேக்கிங் பலகையையும் விறகுக்குத் தள்ளாமல், மேற்பரப்பைக் கருக்கி வெளிச்சுவரில் பதிப்பவர்கள் பெருகிவருகிறார்கள். முறை ஜப்பானுடையது. சுகி என்ற ஊசியிலை மரப் பலகைகளைக் கருக்கிச் சுவருக்கு அடிக்கும் இந்த வழக்கத்துக்கு யாகிசுகி என்று பெயர். நவோஷிமா தீவின் பழைய வீடுகளில் இந்தக் கறுப்புச் சுவர்களை இன்றும் காணலாம்.

புதிதாக இறங்குகிறவர்கள் தீயைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். காரியம் கெடுவதோ பெரும்பாலும் தீக்குச்சி உரசும் முன்பே. சுகி மரம் எங்கே வளர்ந்தது என்று ஜப்பானியத் தச்சருக்குத் தெரியும்; பழைய மரக்கடையில் வாங்கிய கட்டை இதுவரை என்னென்ன குடித்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ரயில் ஸ்லீப்பர் கட்டைகள் பலவற்றில் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறியிருக்கும். லேசாகப் பச்சை ஓடிய கம்பங்களில் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்து ஏற்றப்பட்டிருக்கலாம். அதைக் கொளுத்தினால் புகையில் ஆர்சனிக் வரும், சாம்பலிலும் தங்கும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். பிளைவுட்டில் இருப்பது பசை. இவற்றைக் கருக்கவே கூடாது. 'கொஞ்சமாகக் கருக்கினால் பரவாயில்லை' என்ற சமாதானம் செல்லாது.

ஏற்றுமதிப் பேலட்டில், அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டில், கோதுமைக்கதிர் முத்திரை இருக்கும். அருகே எச்.டி. (HT) என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் வெப்பத்தால் பூச்சி நீக்கியது, எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு காட்டியது, அதை ஒதுக்கிவிடுங்கள். முத்திரை சரியாக இருந்தாலும், பலகையில் எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ இருந்தால் வேண்டாம்.

அடுத்தது ஈரம். மழையில் கிடந்த பலகையைக் கருக்கினால், சூட்டில் பாதி நீரை ஆவியாக்கவே செலவாகும்; பிறகு காயக் காய மரம் சுருங்கிக் கரி உதிரும். நிழலில் அடுக்கி, இடையே காற்றோடும்படி குச்சி வைத்துக் காயவிடுங்கள். மெல்லிய பேலட் பட்டிகள் ஒரு பக்கம் மட்டும் சூடேறி வளைந்துவிடும். தடித்த பலகையே ஏற்றது.

ஜப்பானிய வழியில் மூன்று பலகைகளை முக்கோணக் குழாய்போலக் கட்டி நிறுத்தி, அடியில் தீ மூட்டுவார்கள். புகைபோக்கியில் இழுப்பதுபோல் தீ உள்ளே மேலேறி, சில நிமிடங்களில் உட்புறம் முழுவதும் ஒரே சீராகக் கருகும். கேஸ் டார்ச்சை அவசரமாக ஓட்டினால் கிடைப்பது வெறும் கறுப்பு நிறம். விரலால் தேய்த்தால் பழுப்பு மரம் தெரியும். கருக்கியதும் தண்ணீர் ஊற்றி அணைப்பதோடு விட்டுவிடாதீர்கள். விரிசலிலும் ஆணித் துளையிலும் கனன்றுகொண்டிருக்கும் தணல் மணிக்கணக்கில் கழித்தும் மூளும். அன்றிரவு அந்தப் பலகைகளை வீட்டுக்குள் அடுக்க வேண்டாம்.

கரி இருந்தால் கரையான் அண்டாது என்று நம்பி மண்ணில் ஊன்றுபவர்கள் ஏமாறுவார்கள். கருகியது ஒரு முகம்தான். பின்புறமும் அறுத்த முனையும் கருகாத மரமே. தரையிலிருந்து உயர்த்தி, சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்று போக இடம் விட்டு அடியுங்கள். அறுத்த முனைகளை மீண்டும் டார்ச்சால் கருக்குங்கள். மேலே ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது தானாகவே தீப்பிடிக்கும்; வெளியே விரித்து உலர்த்துங்கள்.