கியூபேஸில் சத்தமில்லாமல் நடக்கும் தவறுகள்

கணினியில் பாட்டைப் பதிவு செய்து மிக்ஸ் செய்யும் மென்பொருள் கியூபேஸ். அதைத் திட்டாத கியூபேஸ்காரர் கிடையாது. ஆனாலும் பல வருஷம் அதில் கை பழகியவர்கள் அவ்வளவு எளிதில் வேறு மென்பொருளுக்குப் போவதில்லை. மிடியில் (ஒலியைப் பதியாமல், எந்தச் சுரம் எப்போது வாசிக்கப்பட்டது என்ற குறிப்பைப் பதியும் முறை) அது கொடுக்கும் பிடி அப்படி. ரெக்கார்டு பட்டனை அழுத்த மறந்துவிட்டு கீபோர்டில் நல்லதாக ஒன்று வாசித்துவிட்டால்கூட, 'ரெட்ரோஸ்பெக்டிவ் ரெக்கார்டு' கொடுத்தால் வாசித்தது டிராக்கில் வந்து உட்காரும். இந்த ஒரு வசதிக்காகவே அதைவிட்டு நகராதவர்கள் உண்டு.

1989-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருக்கும் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் அட்டாரி எஸ்டி கணினிக்காக வெளியிட்டபோது இது வெறும் மிடி சீக்வென்சர், அதாவது மிடி குறிப்புகளைப் பதிந்து வாசிக்கும் கருவி. 1996-இல் விஎஸ்டி வந்தது, அதாவது மென்பொருளுக்குள் செருகிக்கொள்ளும் பிளக்இன்களுக்கான முறை. எஃபெக்டுகள் பெட்டியிலிருந்து கணினிக்குள் வந்தன. 2002-இல் எஸ்எக்ஸ் என்ற பெயரில் அடித்தளத்தையே மாற்றினார்கள். அப்புறம் நடந்ததெல்லாம் தலைமுறைக்கு ஓர் அறை என்று சேர்த்துக் கட்டிய வீட்டுக் கதைதான். எதற்கும் ஓர் இடம் இருக்கிறது, ஆனால் எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று குடியிருப்பவருக்கே தெரியாது. அதனால் இதில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் எர்ரர் செய்தி காட்டாது. எங்கோ ஒரு பழைய பட்டன் சொன்னதை மென்பொருள் அமைதியாகச் செய்துவிடும். பாட்டு கெட்ட பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

சேவ் ஆஸ் கொடுத்துப் புதுப் பாட்டு தொடங்குவது

போன பாட்டில் டிராக், ரவுட்டிங், ரிவர்ப் எல்லாம் கச்சிதமாக அமைந்திருக்கும். அதையே திறந்து, 'சேவ் ஆஸ்' கொடுத்து, அதே ஃபோல்டரில் வேறு பெயர் வைத்து, டிராக்கில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு அடுத்த பாட்டை ஆரம்பிப்பார்கள். ரொம்பப் பேருக்கு இது வழக்கம். பார்க்க இரண்டு சிபிஆர் கோப்புகள் (கியூபேஸின் புராஜெக்ட் கோப்புகள்) தனித்தனியாகத் தெரியும்.

ஆனால் சிபிஆர் கோப்புக்குள் ஒலி கிடையாது. எந்த ஒலிக்கோப்பை எந்த இடத்தில் வாசிக்க வேண்டும் என்ற குறிப்புகள்தான் இருக்கின்றன. ஒலியெல்லாம் பக்கத்தில் இருக்கும் 'ஆடியோ' ஃபோல்டரில் கிடக்கும். டிராக்கிலிருந்து அழித்தாலும், பழைய பாட்டின் கிளிப்புகள் புதுப் பாட்டின் பூலில் (புராஜெக்ட்டின் ஒலிக்கோப்புப் பட்டியல்) அப்படியே இருக்கும். ஆறு மாதம் கழித்து டிஸ்க் நிறைந்ததும் புதுப் பாட்டைத் திறந்து, பூலில் 'பயன்படாத மீடியாவை நீக்கு' என்று கொடுத்து, குப்பையையும் காலி செய்கிறீர்கள். புதுப் பாட்டைப் பொறுத்தவரை பழைய பாட்டின் குரல், வயலின் எல்லாமே பயன்படாத மீடியாதான். டிஸ்கிலிருந்தே போய்விடும். பழைய பாட்டைத் திறக்கும்போது காணாமல் போன கோப்புகளின் பட்டியல் மட்டும் வரும்.

வழி எளிது. அமைப்பு வேண்டுமென்றால் அதை டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள். ஒரு பாட்டுக்கு ஒரு ஃபோல்டர். பென் டிரைவிலிருந்தோ டவுன்லோட்ஸிலிருந்தோ ஆடியோவை இழுத்துப் போடும்போது, புராஜெக்ட் ஃபோல்டருக்குள் நகல் எடுக்கச் சொல்லும் பெட்டியை டிக் செய்யுங்கள். இன்னொரு ஸ்டூடியோவுக்குக் கொடுக்கும்போது சிபிஆரை மட்டும் அனுப்பாதீர்கள். 'பேக்கப் புராஜெக்ட்' கொடுத்துக் காலியான ஒரு ஃபோல்டரைக் காட்டினால், பாட்டுக்கு வேண்டிய ஆடியோ மொத்தத்தையும் அதுவே சேர்த்து வைக்கும். சாம்பிள் லைப்ரரிகள் மட்டும் அதில் வராது.

வேலை நடுவே கணினி அணைந்துபோனால் பதற வேண்டாம். புராஜெக்ட் ஃபோல்டரில் பிஏகே என்று முடியும் ஆட்டோ சேவ் கோப்புகள் இருக்கும். பெயரின் கடைசியை சிபிஆர் என்று மாற்றித் திறக்கலாம். ஆனால் அதையே நம்பி சேவ் கொடுக்காமல் இருப்பதும் சரியில்லை. கண்ட்ரோல், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எண் போட்ட புது வெர்ஷனாகச் சேமிக்கும். அதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பாடகர் போன பிறகு டெம்போ மாற்றுவது

"கொஞ்சம் வேகமா இருந்தா நல்லா இருக்கும் சார்" என்று டைரக்டர் சொல்வார். நிமிடத்துக்கு 90 எண்ணிக்கை என்று இருந்த டெம்போவை 96 ஆக்குவோம். மிடி எல்லாம் சமர்த்தாக வேகமெடுக்கும். குரல் மட்டும் எங்கோ போய் நிற்கும்.

கணக்கைப் பாருங்கள். 90-இல் நாலு எண்ணிக்கை உள்ள ஒரு பார், 2.67 வினாடி. ஒன்பதாவது பாரில் தொடங்கும் சரணம் 21.33-ஆவது வினாடியில் ஆரம்பிக்கும். 96-இல் ஒரு பார் 2.5 வினாடி, அதே ஒன்பதாவது பார் 20-ஆவது வினாடிக்கு வந்துவிடும். டிராக் மியூசிக்கல் டைம் பேஸில், அதாவது வினாடியை விட்டுப் பாரைப் பிடித்து நிற்கும் அமைப்பில் இருந்தால் குரலின் ஆரம்பமும் சரியாக அங்கே நகரும். அதனால் முதல் சொல்லைக் கேட்டுவிட்டு எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். ஆனால் நகர்ந்தது ஆரம்ப இடம் மட்டும்தான், உள்ளே பாட்டு இன்னும் 90-இல்தான் ஓடுகிறது. எட்டு பார் முடியும்போது குரல் 1.33 வினாடி பின்தங்கியிருக்கும். அதாவது அரை பாருக்கும் மேல்.

டெம்போவைத் தொடும் முன்பே அந்த ஆடியோவுக்கு மியூசிக்கல் மோடை ஆன் செய்ய வேண்டும். பூலில் அந்தக் கிளிப்பின் டெம்போ 90 என்று சரியாகக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். அப்போதுதான் குரலும் சேர்ந்து சுருங்கும். 90-இலிருந்து 96 போவது பெரிதாகத் தெரியாது. 110-க்குப் போனால் செயற்கையாகிவிடும். மறுபடி பாட வைப்பதே மரியாதை.

விருத்தம்போலக் கிளிக் (காதில் ஓடும் தாள எண்ணிக்கை) இல்லாமல் பாடியதற்கு நேர் எதிரான கவனம் வேண்டும். பாடியதற்கு ஏற்ப டெம்போ மேப் போடப் போகிறீர்கள் என்றால், முதலில் அந்தக் குரல் டிராக்கை லீனியர் டைம் பேஸுக்கு (வினாடியைப் பிடித்து நிற்கும் அமைப்பு) மாற்றுங்கள். டிராக்கில் இருக்கும் அந்தச் சின்னம் நோட்டிலிருந்து கடிகாரமாக மாறும். மாற்றாமல் டெம்போவைத் தொட்டால், எந்தக் குரலை வைத்து மேப் போடுகிறீர்களோ அதுவே நகர்ந்துகொண்டிருக்கும்.

கமகத்தை நேராக்குவது

வேரிஆடியோ 2009-இல் கியூபேஸ் 5-உடன் வந்தது. சுருதி விலகிய இடத்தை உள்ளேயே சரிசெய்யலாம். அருமையான கருவிதான். ஆனால் அது பாட்டைத் துண்டு துண்டாகப் பார்க்கிறது. ஒரு காந்தாரத்தை அசைத்துப் பாடியிருந்தால், அந்த ஒரே சுரத்தை அது மூன்று நான்கு துண்டுகளாக வெட்டிவிடலாம். எல்லாவற்றையும் செலக்ட் செய்து 'குவாண்டைஸ் பிட்ச்' கொடுத்தால், ஒவ்வொரு துண்டும் தனக்குப் பக்கத்தில் இருக்கும் வெவ்வேறு அரைச்சுரத்துக்கு ஓடும். ஆடிக்கொண்டிருந்த சுரம் படிக்கட்டாகிவிடும். அதற்கு மேல் 'ஸ்ட்ரெய்ட்டன் பிட்ச்'சையும் ஏற்றினால் அசைவே இருக்காது. பாடியவர் கேட்டால் வருத்தப்படுவார்.

துண்டுகளை முதலில் ஒட்டி ஒரே சுரமாக்குங்கள். பிறகு மொத்தமாகக் கொஞ்சம் மேலோ கீழோ நகர்த்துங்கள். அதையும் தவறான இடத்தில் மட்டும் செய்யுங்கள். முழுப் பாட்டையும் ஒரே அடியில் திருத்துவது இந்தக் குரல்களுக்கு ஒத்துவராது. ஆட்டோமேட்டிக் திருத்தத்தால் மொட்டையாகிப்போன நல்ல குரல்களை நாம் ஏற்கெனவே வேண்டிய அளவு கேட்டாயிற்று.

காதில் கேட்பது ஒன்று, எக்ஸ்போர்ட்டில் வருவது ஒன்று

பாடும்போது பஃபர் (கணினி ஒரு தடவைக்கு எடுத்துக் கையாளும் ஒலியின் அளவு) குறைவாகவும் மிக்ஸ் செய்யும்போது அதிகமாகவும் இருக்க வேண்டும். இது பலருக்கும் தெரியும். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லிவினாடி, 1024 என்றால் 21.3. போக ஒன்று, வர ஒன்று என்று இந்தத் தாமதம் இரண்டு முறை சேரும் என்பதால், 1024-இல் பாடச் சொன்னால் பாடகர் தடுமாறத்தான் செய்வார்.

தெரியாமல் மாட்டிக்கொள்வது 'கன்ஸ்ட்ரெய்ன் டிலே காம்பன்சேஷன்' என்ற சின்ன பட்டனில். ரெக்கார்டிங்கின்போது தாமதம் குறைய அதை ஆன் செய்வோம். அதிகத் தாமதம் தரும் பிளக்இன்களை அது தற்காலிகமாக அணைத்துவிடும். மாஸ்டரில் போட்ட லிமிட்டரும் (ஒலியின் உச்சத்தைக் கட்டுப்படுத்தும் பிளக்இன்) அதில் அடங்கலாம். மறுநாள் அதை ஆஃப் செய்ய மறந்து மிக்ஸில் உட்கார்ந்தால், 'நேற்று இருந்த அழுத்தம் இன்றைக்கு இல்லையே' என்று ஈக்யூவைத் திருகிக்கொண்டிருப்போம்.

இன்னொன்று, ஹெட்ஃபோனுக்கான கரெக்‌ஷன் பிளக்இன். அதை ஸ்டீரியோ அவுட்டில் போட்டுவிட்டு எக்ஸ்போர்ட் செய்தால், உங்கள் ஹெட்ஃபோனின் குறையைச் சரிக்கட்டப் போட்ட ஈக்யூ பாட்டிலேயே பதிந்துவிடும். அதன் இடம் கண்ட்ரோல் ரூம், அதாவது நீங்கள் கேட்பதற்கு மட்டும் என்று கியூபேஸில் இருக்கும் தனிப் பகுதி. அங்கே போட்டது உங்கள் காதோடு நின்றுவிடும், எக்ஸ்போர்ட்டில் வராது. எல்லாப் பதிப்பிலும் எல்லா வசதியும் இல்லை என்பதால், வாங்கும் முன் உங்கள் பதிப்பில் இது இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய பாட்டு அப்படியே திறக்கும் என்று நம்புவது

2016-இல் வந்த கியூபேஸ் 9-உடன் 32 பிட் பிளக்இன்களுக்கான ஆதரவு போயிற்று. 2022-இல் விஎஸ்டி2-வையும் கைவிடப்போவதாக ஸ்டெய்ன்பெர்க் அறிவித்தது. ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் ரொசெட்டா (பழைய இன்டெல் மென்பொருளை ஓட்டும் மொழிபெயர்ப்பு வசதி) இல்லாமல் ஓடவிட்டால் விஎஸ்டி3 மட்டும்தான். பத்து வருஷத்துக்கு முந்தைய பாட்டைத் திறந்தால் நோட்டுகள் இருக்கும், வாசிக்கக் கருவி இருக்காது. ஒரு பாட்டு முடிந்த அன்றைக்கே ஒவ்வொரு இன்ஸ்ட்ருமெண்டையும் முதல் பாரிலிருந்து வேவ் கோப்பாக எடுத்து வைத்துவிடுங்கள். டெம்போவை ஃபோல்டர் பெயரிலேயே எழுதுங்கள்.

டாங்கிள் (லைசென்ஸைத் தாங்கி நிற்கும் யுஎஸ்பி குச்சி) தொல்லை 2022-இல் கியூபேஸ் 12-உடன் ஒழிந்தது. இப்போது ஒரே லைசென்ஸை மூன்று கணினிகளில் ஆக்டிவேட் செய்யலாம். ஆனால் 11-ஓ அதற்கு முந்தையதோ வைத்திருப்பவர்கள் அந்த யுஎஸ்பி குச்சியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குச்சிகளை நிர்வகித்த பழைய இலைசென்சர் சேவை 2025 மே மாதத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டது. குச்சியில் இருக்கும் லைசென்ஸ் தொடர்ந்து வேலை செய்யும், ஆனால் குச்சி உடைந்தால் மாற்றிக்கொள்ள வழியில்லை.

கியூபேஸ் திடீரென்று கிறுக்குப் பிடித்தமாதிரி நடந்தால், திறக்கும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் மூன்றையும் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். வரும் பெட்டியில் பிரிஃபரன்ஸை அழிக்கும் வழியும் இருக்கும். எடுத்த எடுப்பில் அழிக்காதீர்கள், முதலில் தற்காலிகமாக முடக்கிப் பாருங்கள். அழித்தால் வருஷக்கணக்காக நீங்கள் அமைத்து வைத்த ஷார்ட்கட்டுகளும் சேர்ந்து போகும். அவற்றை முன்பே வெளியே சேமித்து வைத்திருந்தால் பயமில்லை.

புது வெர்ஷன் வந்ததும் பாதியில் இருக்கும் பாட்டை அதில் திறக்கத் தோன்றும். பழைய பெரிய வெர்ஷனும் புதியதும் ஒரே கணினியில் அடுத்தடுத்து இருக்கலாம், பழையதை நீக்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் பாட்டைப் பழையதிலேயே முடியுங்கள், புதியதில் அடுத்த பாட்டைத் தொடங்கிக்கொள்ளலாம்.