36 இஞ்ச் சக்கரத்தில் சைக்கிள் கட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய சக்கரத்துக்கு ஃபிரேமை எப்படி நீட்டுவது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் வரைய வேண்டியது போர்க், அதாவது முன்சக்கரத்தை இருபக்கமும் பிடிக்கும் கவை.

என் முதல் 36 இஞ்ச் வண்டிக்கு, 29 இஞ்ச் சைக்கிளின் போர்க் அளவை அப்படியே எடுத்துக் கால்களை மட்டும் நீளமாக்கினேன். சேலம் அஸ்தம்பட்டியில் நேர்ச்சாலையில் அருமையாக ஓடியது. ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில்தான் தெரிந்தது: மெதுவாகத் திரும்பும்போதெல்லாம் முன்சக்கரம் உள்பக்கமாக மடிந்து விழப் பார்த்தது. அடிவாரம் வந்து சேர்வதற்குள் தோள் கடுத்துப்போனது.

காரணம் இதுதான். ஹேண்டில் தண்டின் சாய்வுக் கோட்டைத் தரைவரை நீட்டினால், அது தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் இடையே உள்ள தூரம் டிரெயில். 72 டிகிரி சாய்வும் 45 மி.மீ. முன்வளைவும் (அந்தக் கோட்டிலிருந்து சக்கர அச்சு முன்தள்ளி இருக்கும் தூரம்) வைத்தால் 29 இஞ்சில் அது ஏறத்தாழ 73 மி.மீ. அதே அளவில் 36 இஞ்ச் சக்கரத்தை மாட்டினால் 100 மி.மீ. அளவுக்குப் போய்விடும்; அதனால்தான் மெதுவாகத் திரும்பும்போது சக்கரம் மடிந்தது. முன்வளைவை 70 மி.மீ. வரை கூட்டினேன், வண்டி சொன்னபடி திரும்பியது.

அடுத்து பி.பி., அதாவது பெடல் அச்சு இருக்கும் இடத்தின் உயரம். சக்கர அச்சே தரையிலிருந்து 45 செ.மீ. மேலே இருக்கிறது. வழக்கம்போல அதிலிருந்து 6 செ.மீ. மட்டும் பி.பி.யை இறக்கினால் கால் தரைக்கு எட்டாது. தயங்காமல் 15 செ.மீ. இறக்குங்கள்.

டயரை இஞ்ச் கணக்கில் வாங்காதீர்கள். நம் ஊர்ப் பழைய 28 இஞ்ச் சைக்கிளின் ரிம் விட்டம் 635 மி.மீ., 29 இஞ்ச் என்று விற்பது 622 மி.மீ.தான்! 36 இஞ்சுக்கு 787 என்ற எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

கியரும் மாற வேண்டும். 26 இஞ்சில் பெடல் பக்கப் பல்சக்கரத்தின் 32 பல் தந்த இலகுவான மிதிப்புக்கு இங்கே 23 பல் தேவை. இறக்கத்தில் அதே டிஸ்க் பிரேக் 26 இஞ்சைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதலாகப் பிடிக்க வேண்டியிருக்கும், அதனால் பெரிய டிஸ்க்கே போடுங்கள்.

சரி, இனி வெல்டிங். போர்க் கால்கள் இரண்டுக்கும் 2 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே, 100 மி.மீ. அகல ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்), இந்தச் சக்கரத்தின் மேல்விளிம்பு 9 மி.மீ. சாயும். கோட்டம் எடுத்தாலும் அது போகாது. பட்டறையில் முதலில் புள்ளிப் புள்ளியாக மட்டும் வெல்டு வைக்கச் சொல்லி, சக்கரத்தை மாட்டி, டயரின் இருபக்க இடைவெளியையும் அளந்து பார்த்த பிறகு முழு வெல்டிங் அடிக்கச் சொல்லுங்கள்.