பழைய லேப்டாப்பில் வீட்டு வெப் சர்வர்: எந்த லினக்ஸைப் போடலாம்?

விண்டோஸ் ஓட முடியாமல் பரணில் ஏற்றிவைத்த லேப்டாப் உங்கள் வீட்டிலும் இருக்கும். 2 ஜிபி ராம்தான் என்றாலும் வலைப்பக்கங்களைப் பிறருக்குக் காட்டும் சின்ன வெப் சர்வருக்கு அது தாராளம். குடியாத்தத்தில் லுங்கி தறி வைத்திருக்கும் என் சித்தப்பா வீட்டில் அப்படி ஒன்று ஓடுகிறது. புது டிசைன் படமும் விலையும் ஒரே பக்கத்தில். வருகிறவர்கள் வைஃபையில் சேர்ந்து போனிலேயே பார்த்துவிடுகிறார்கள்.

‘லைட்வெயிட் லினக்ஸ்’ என்று தேடினால் பப்பி, லுபுண்டு என்று பெயர்கள் வரும். நல்ல டிஸ்ட்ரோக்கள்தான் (லினக்ஸின் வகைகள்), ஆனால் அவை பழைய கணினியில் டெஸ்க்டாப் வேலை பார்ப்பவர்களுக்கானவை. சர்வரின் முன்னால் யாரும் உட்காரப் போவதில்லை. டெஸ்க்டாப்பை ஏற்றாமல் விட்டாலே பெரும் பாரம் இறங்கிவிடும். எந்த டிஸ்ட்ரோ என்பதைவிட அதில் எதைப் போடாமல் விடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

படி 1: மெஷினைப் பாருங்கள்

பிராசசர் 64 பிட்டா என்று மாடல் நம்பரை வைத்துத் தேடிப் பாருங்கள். 2025-ல் வந்த டெபியன் 13 என்ற டிஸ்ட்ரோவுக்கு 32 பிட் இன்ஸ்டாலர் கிடையாது. பேட்டரி உப்பியிருந்தால் கழற்றிவிடுங்கள், இதில் தயக்கமே வேண்டாம்.

படி 2: டிஸ்ட்ரோ

முதல்முறை என்றால் டெபியன். எந்தச் சந்தேகத்தைத் தேடினாலும் யாராவது பதில் எழுதி வைத்திருப்பார்கள். 32 பிட் மெஷின், அல்லது ராம் 512 எம்பிக்கும் குறைவு என்றால் ஆல்பைன் என்ற டிஸ்ட்ரோ. அது மிகச் சின்னது, ஆனால் சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) இல்லை, கட்டளைகளும் வேறு என்பதால் புதியவர் கொஞ்சம் திணறுவார். உபுண்டு சர்வரும் நல்லதுதான், பழைய மெஷினுக்குச் சற்றுக் கனம்.

படி 3: இன்ஸ்டால்

டெபியனின் நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் செய்வதற்கான கோப்பு) 1 ஜிபிக்கும் குறைவு. ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருளை வைத்து பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பை பூட் செய்யுங்கள். வைஃபையை நம்பாமல் லேன் கேபிளைச் செருகுங்கள். ஹார்ட் டிஸ்க் முழுதும் அழியும் என்பதால் பழைய போட்டோக்களை முதலில் எடுத்துவிடுங்கள்.

ரூட் பாஸ்வேர்டு கேட்கும் இடத்தை அப்படியே காலியாக விட்டு அடுத்ததற்குப் போங்கள். அப்போதுதான் நீங்கள் உருவாக்கும் பயனருக்கு சூடோ (நிர்வாகி) உரிமை கிடைக்கும்.

கடைசியில் ‘சாஃப்ட்வேர் செலக்‌ஷன்’ என்று ஒரு பட்டியல் வரும். அவசரமாக என்டரைத் தட்டாதீர்கள், இந்தத் திரைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ‘டெபியன் டெஸ்க்டாப் என்விரான்மென்ட்’, அதன் கீழே ‘க்னோம்’ இரண்டிலும் நட்சத்திரக் குறி இருக்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டி இரண்டின் குறியையும் நீக்குங்கள். ‘வெப் சர்வர்’, ‘எஸ்எஸ்எச் சர்வர்’ (வேறு கணினியிலிருந்து இதை இயக்க), ‘ஸ்டாண்டர்டு சிஸ்டம் யுட்டிலிட்டீஸ்’ மூன்றிலும் குறி போட்டுவிட்டு, பிறகு என்டர்.

இதில் வரும் வெப் சர்வர் அப்பாச்சி. என்ஜின்எக்ஸ் இன்னும் இலகு என்பார்கள், உண்மைதான். ஆனால் நூறு பேர் பார்க்கும் பக்கத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

படி 4: போனில் பாருங்கள்

ரீபூட் ஆனதும் லாகின் செய்து ‘ip a’ என்று இடைவெளி விட்டு அடியுங்கள். 192.168 என்று தொடங்கும் எண்ணைப் போன் பிரவுசரில் போட்டால் அப்பாச்சியின் வரவேற்புப் பக்கம் தெரியும். ரவுட்டரின் டிஎச்சிபி ரிசர்வேஷனில் (எந்தக் கருவிக்கு எந்த எண் என்று ஒதுக்கும் இடம்) அந்த எண்ணை லேப்டாப்புக்கே நிரந்தரமாக்கிவிடுங்கள்.

படி 5: வேலூர் வெயிலும் கரண்டும்

நல்ல பேட்டரி இருந்தால் அதுவே யுபிஎஸ். ஆனால் கூடவே ரவுட்டருக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு வேண்டும், இல்லையேல் சர்வர் மட்டும் விழித்திருந்து பயனில்லை. மூடியை மூடினால் லேப்டாப் தூங்கிவிடும். logind.conf கோப்பில் ‘HandleLidSwitch’ வரியின் முன்னுள்ள # குறியை எடுத்து, மதிப்பை ‘ignore’ என்று மாற்றி ரீபூட் செய்யுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் பரணிலோ மூடிய அலமாரியிலோ வைக்கவே வேண்டாம். காற்றோட்டமான தரைத்தளத்து மேசையே நல்லது.

வெளியூரிலிருந்தும் பார்க்க வேண்டுமா? ரவுட்டரில் வேன் ஐபியை (இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த எண்) பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அதாவது ஒரே வெளி எண்ணைப் பலர் பகிர்கிறீர்கள். வெளியிலிருந்து வருவதை ரவுட்டர் வழியே லேப்டாப்புக்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் பலிக்காது. போர்ட் திறக்காமலே வெளியே காட்டும் கிளவுட்ஃப்ளேர் டனல் போன்ற வழியைப் பிடியுங்கள். போர்ட் திறக்க முடிகிறவர்கள் வெப்புக்கான 80, 443 இரண்டை மட்டும் திறங்கள்; எஸ்எஸ்எச்சின் 22 வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.